ரிப்பன் பிரதர்

ஜூலை மாதம் அமெரிக்காவின் பெரிய ஹோட்டல் எதிலாவது நுழைந்தால் அவரைப் பார்த்துவிடலாம். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே அவர் பிளேசர் போட்டு, டை கட்டி, லிஃப்டுக்கும் காபிக் கடைக்கும் நடுவில் கிடக்கும் சோபாவில் உட்கார்ந்திருப்பார். யோசித்துப் பிடித்த இடம் அது. மேலே போகிறவனும் அவரைத் தாண்ட முடியாது, கீழே வருகிறவனும் தாண்ட முடியாது.

வயது எழுபதுக்கு மேல். சட்டையில், இதயத்துக்கு நேராக, சுண்டுவிரல் நகமளவு தங்கப் பின். கோட்டுக் காலரில் குத்துவது அபசாரம். யாராவது இளசு அப்படிக் குத்திக்கொண்டு வந்தால் அவரே எழுந்துபோய்க் கழற்றி, உரிய இடத்தில் குத்திவிட்டு வருவார். கழுத்தில் பெயரட்டை. அட்டைக்குக் கீழே ஒன்றன் அடியில் ஒன்றாக ஒட்டிய வண்ண ரிப்பன்கள்: பிரதிநிதி, முன்னாள் பிரதிநிதி, நன்கொடையாளர், விதிமுறைக் குழு, ஐம்பதாண்டு உறுப்பினர். கல்யாண வீட்டுத் தோரணம் போல அவை தொப்பை வரை இறங்கி ஏசிக் காற்றில் ஆடும். புதிதாக வந்த கல்லூரிப் பையனிடம் ஒரே ஒரு ரிப்பன்தான் இருக்கும்: ‘முதல் மாநாடு’. அதைக் கண்டதும் அவர் முகம் மலரும். நான்கு நாளுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

ரிப்பன் பிரதர் என்றே அவரை அழைப்போம். அசல் பெயர் எதுவானாலும், அவருடைய மூன்று கிரேக்க எழுத்துகள் எவையானாலும், ஆள் ஒருவர்தான்.

அமெரிக்கக் கல்லூரி ஃபிரடர்னிட்டி என்றால் என்ன என்று ஒரு தமிழ்த் தகப்பனாருக்கு விளக்கிச் சொல்வது சுலபமில்லை. விடுதியா என்றால், ஒரே வீட்டில் நாற்பது பையன்கள் தங்குவதால், ஆமாம். ரகசிய மடமா என்றால், கண்ணைக் கட்டி உறுதிமொழி வாங்குவதால், அதுவும் ஆமாம். வேலைவாய்ப்புக் கழகமா என்றால், உறுப்பினர்கள் பலமாக மறுத்துவிட்டு மெல்லச் சிரிப்பார்கள். கிரேக்க எழுத்தில் பெயர் வைத்துக்கொண்ட முதல் மாணவர் சங்கம் ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5 அன்று வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கினார்கள். சுதந்திரப் பிரகடனம் வெளியாகி அப்போது ஐந்து மாதம். நாடே இன்னும் நிச்சயமாகாத நிலையில் சங்கம் தயார். அது பின்னால் படிப்பாளிகளுக்கான கௌரவ அமைப்பாக மாறியது. இன்றைய ஃபிரடர்னிட்டி வாழ்க்கைக்கு வழிபோட்டவை நியூயார்க் மாநிலத்தின் யூனியன் கல்லூரியில் 1825-க்கும் 1827-க்கும் இடையில் பிறந்த கப்பா ஆல்ஃபா, சிக்மா ஃபை, டெல்டா ஃபை மூன்றும்.

அப்புறம் மயாமி. ரிப்பன் பிரதரிடம் யாராவது வாய்தவறி “மயாமியா? நல்ல கடற்கரை ஆயிற்றே” என்று சொல்லிவிட்டால் அடுத்த அரைமணி நேரம் போயிற்று. மயாமி பல்கலைக்கழகம் இருப்பது ஒஹையோ மாநிலத்தின் ஆக்ஸ்ஃபர்ட் என்னும் சிற்றூரில். தொடங்கியது 1809-இல், புளோரிடா ஒரு மாநிலமாக அமெரிக்காவில் சேர்ந்ததே 1845-இல். அந்தச் சிற்றூரில் பீட்டா தீட்டா பை 1839-இலும், ஃபை டெல்டா தீட்டா 1848-இலும், சிக்மா கை 1855-இலும் பிறந்தன. தன் மனைவியின் பிறந்தநாளைத் தடுமாறிச் சொல்லும் மனிதர், இந்த ஆண்டுகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

பிரபலங்களின் பட்டியலும் அப்படியே. ஆம்ஸ்ட்ராங் பர்டியூவில் ஃபை டெல்டா தீட்டா. ரீகன் யுரேகா கல்லூரியில் டோ கப்பா எப்சிலான். தந்தை புஷ், மகன் புஷ் இருவரும் யேலில் டெல்டா கப்பா எப்சிலான். ஜான் வெய்ன் சிக்மா கை. தன் சங்கத்துக்காரர் என்றால் “நம்ம ஆள்” என்று தோளில் கை போட்டதுபோலப் பேசுவார். வேறு சங்கத்துக்காரர் என்றால், நிலவில் கால் வைத்ததுகூட அவ்வளவு பெரிய விஷயமா என்ற சந்தேகம் அவர் குரலில் எட்டிப்பார்க்கும்.

தேசிய மாநாடு பெரும்பாலான சங்கங்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. டெல்டா டோ டெல்டாவினர் அதைக் கார்னியா என்பார்கள், ஃபை காமா டெல்டாவினர் எக்லீசியா, ஃபை கப்பா சையினர் கிராண்ட் ஆர்ச் கவுன்சில். பெயர் எதுவானாலும் பிளேசர் ஒன்றே. மாணவர்களுக்கு விடுமுறை கோடையில்தான். தெற்கத்தி ஊர்களில் ஹோட்டல் வாடகை இறங்குவதும் கோடையில்தான். சகோதரத்துவத்தின் வெப்பம் பற்றி மேடையில் பேசுகிறார்கள் என்றால் அதில் கொஞ்சம் வானிலையும் சேர்ந்திருக்கிறது.

ரிப்பன் பிரதர் வாழ்க்கையை ஆண்டுகளால் அளப்பதில்லை, மாநாட்டு ஊர்களால் அளக்கிறார். “மூத்தவள் பிறந்தது டென்வருக்கு முந்தைய வாரம்” என்பார். “டென்வர் நடந்த வாரம்” என்று மனைவி திருத்துவார். “நீங்கள் டென்வரில் இருந்தீர்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன்.” இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் முகத்தில் கோபம் இருக்காது. அவருக்கும் மாநாடு பிடிக்கும். கணவர்கள் தீர்மானம் நிறைவேற்றும் நேரத்தில் மனைவிமார்களை பஸ்ஸில் ஏற்றி ஊர் சுற்றிக் காட்டுவது நீண்டகால வழக்கம். அந்த பஸ்ஸில் பழகிய பெண்கள் பல பத்தாண்டுகளாகக் கடிதம் எழுதி, போன் பேசி, பேரக் குழந்தைகளின் படம் அனுப்பிக்கொள்கிறார்கள். ரகசியக் கைகுலுக்கல் இல்லாமலே அவர்களுடைய சங்கம் நன்றாக நடக்கிறது.

நினைவுகளைச் சொல்லச் சொன்னால்தான் அவருடைய தனித்தன்மை தெரியும். நாஷ்வில்லில் கேலார்ட் ஓப்ரிலேண்ட் என்றொரு ஹோட்டல். 2,800-க்கும் மேற்பட்ட அறைகள். கண்ணாடிக் கூரைக்குள்ளேயே தோட்டம், ஓடை, ஓடையில் படகு. நம்மவருக்கு அதில் நினைவிருப்பது, அறையிலிருந்து கூட்ட அரங்குக்கு நடந்துபோன தூரத்தில் எத்தனை பிரதர்கள் எதிர்ப்பட்டார்கள் என்பது. மிச்சிகனில் மேக்கினா தீவின் கிராண்ட் ஹோட்டல் 1887-இல் திறந்தது. 660 அடி நீளத் திண்ணை அதன் பெருமை. தீவுக்குள் 1898 முதல் மோட்டார் வண்டிக்கே தடை, குதிரை வண்டிதான். திண்ணையைப் பற்றி அவர் சொல்வது, எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்து யாரை எதற்காகத் திட்டினார் என்பது. கிராண்ட் கேன்யனுக்கு அழைத்துப்போய் நிறுத்தினாலும் முதுகைக் காட்டிக்கொண்டு பக்கத்து ஆளின் சாப்டர், அதாவது கல்லூரிக் கிளை, எது என்று விசாரிப்பார்.

கைகுலுக்கலைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சங்கத்துக்கும் ரகசியமான கைப்பிடி ஒன்று உண்டு. உள்ளே இருப்பவர்கள் ‘கிரிப்’ என்பார்கள். வெளியாள் கண்ணில் படக்கூடாது. ஆயிரம் பேர் ஆயிரம் பேருக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருக்கும் லாபியில், பெட்டி தூக்கும் பையனுக்கு இரண்டாம் நாளே அது பாடமாகிவிடும். ஆனாலும் ரிப்பன் பிரதர் இடது கையால் வலது கையை மூடி மறைத்துக்கொண்டுதான் கொடுப்பார். சடங்கு நடக்கும் அரங்கின் கதவில் இருபது வயதுப் பையன் ஒருவன் காவல் நிற்பான். கடவுச்சொல் சொல்லாமல் யாரையும் விடமாட்டான். சடங்கு முழுவதையும் யாரோ எப்போதோ இணையத்தில் கொட்டிவிட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும். நம்மவருக்கு வயதின் காரணமாகச் சில மாநாடுகளில் கடவுச்சொல் மறந்துவிடும். ஐம்பது வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சொல். அப்போது காவல் பையன் அக்கம்பக்கம் பார்த்து, குனிந்து, அவர் காதில் அதைச் சொல்லிவிட்டு, நிமிர்ந்து விறைப்பாக, “கடவுச்சொல்?” என்று மறுபடி கேட்பான். அவர் கம்பீரமாகச் சொல்லிவிட்டு உள்ளே போவார்.

காலை அமர்வு சாப்டர்களின் வருகைப் பதிவுடன் தொடங்கும். பெயர் கூப்பிட்டால் “ஆஜர்” என்று சொல்லி உட்காரலாம்தான். யாரும் அப்படிச் செய்வதில்லை. எழுந்து, கல்லூரியின் புகழைச் சொல்லி, கால்பந்தில் யாரைத் தோற்கடித்தோம் என்று சொல்லி, அந்தத் தோற்றவர்களின் பிரதிநிதி எதிர்ப்புக் குரல் எழுப்பும் வரை காத்திருந்துவிட்டுத்தான் உட்காருவார்கள். நூற்றுக்கு மேல் சாப்டர்கள். காபி ஆறிவிடும்.

அதன் பிறகு சட்டதிட்டம். கூட்டம் நடத்தும் முறைக்கு அமெரிக்காவின் வேதம் ராபர்ட்ஸ் ரூல்ஸ். அதை எழுதிய ஹென்றி மார்ட்டின் ராபர்ட் ராணுவப் பொறியாளர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் நியூ பெட்ஃபர்டில் ஒரு சர்ச் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லி, கூட்டம் கலவரமாகி, நடத்தத் தெரியாமல் திணறிய அவமானம் தாங்காமல் படிக்கத் தொடங்கி 1876-இல் புத்தகமே வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த உண்மையான சீடர்களில் ரிப்பன் பிரதரும் ஒருவர். ஆண்டுச் சந்தாவை உயர்த்தும் தீர்மானம் வந்தால், அவர் சொந்தக் கருத்து எதுவும் சொல்லமாட்டார். “திருத்தத்தின் மீதான திருத்தத்துக்கு முதலில் வாக்கெடுப்பு” என்று மட்டும் மைக்கில் சொல்வார். கூட்டம் பெருமூச்சு விடும். தலைவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அதுதான் சோகம்.

குடி விஷயத்தில் அவர் நிலை நுட்பமானது. 1978-இல் வந்த ‘அனிமல் ஹவுஸ்’ படம் டார்ட்மவுத் கல்லூரி ஃபிரடர்னிட்டி ஒன்றில் இருந்தவரின் கதைகளிலிருந்து எடுத்தது. படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு ஆடும் டோகா பார்ட்டி அமெரிக்கா முழுக்கப் பரவியதற்கு அந்தப் படம்தான் காரணம். அது எங்களை அசிங்கப்படுத்திவிட்டது என்று மேடையில் சொல்வார். எங்கள் வீட்டில் அதைவிட மோசம் என்று லாபியில் சொல்வார். ஃபிரடர்னிட்டிகளின் பொது அமைப்பு 2018-இல் ஒரு தீர்மானம் போட்டது: 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சரக்கு சாப்டர் வீடுகளில் கூடாது, 2019 செப்டம்பருக்குள் அமல்படுத்த வேண்டும். ரிப்பன் பிரதர் இதை மனப்பூர்வமாக ஆதரிக்கிறார். ஹோட்டல் பாரில் விஸ்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஆதரிக்கிறார். பார், வீடு அல்ல என்பது ராபர்ட்ஸ் ரூல்ஸ் படித்தவருக்குத் தெரியாதா?

தீர்மானம் சும்மா வந்துவிடவில்லை. 2017-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், சேர்ப்புச் சடங்கின் பேரில் குடிக்கவைக்கப்பட்ட 19 வயது மாணவர் ஒருவர் விழுந்து அடிபட்டார். பல மணிநேரம் உதவி அழைக்காமல் விட்டதில் இறந்துபோனார். அவர் பெயரிலேயே அந்த மாநிலம் 2018-இல் கடுமையான சட்டம் கொண்டுவந்தது. 2024 டிசம்பரில் நாடு முழுமைக்குமான சட்டமும் வந்தது. மாநாட்டில் இதைப் பற்றி ஒரு அமர்வு இப்போது கட்டாயம் உண்டு. ரிப்பன் பிரதர் முன்வரிசையில் உட்காருவார், ஆனால் வாய் திறக்கமாட்டார். “எங்கள் காலத்தில்” என்று தொடங்கும் வாக்கியங்கள் நூறு வைத்திருப்பவரிடம், அந்த ஒரு மணிநேரத்தில் ஒன்றுகூட வெளியே வராது. எங்கள் காலத்தில் என்ன நடந்தது என்பது அவருக்கு நன்றாகவே நினைவிருப்பதுதான் காரணம்.

இன்னொரு மௌனமும் உண்டு. பழைய சங்கங்கள் பலவற்றில் வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதிவைத்த விதி இருந்தது. எழுதாத இடத்திலும் வழக்கம் இருந்தது. 1965-இல் ஸ்டான்ஃபர்ட் சாப்டர் கறுப்பின மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தபோது சிக்மா கை தலைமை அந்தச் சாப்டரையே இடைநீக்கம் செய்தது. சகோதரத்துவம் பற்றி அந்தக் காலத்தில் பாடிய பாட்டுகளின் சுருதியில் குறையிருந்திருக்காது.

அடைத்த கதவுக்கு வெளியே நின்றவர்கள் தங்களுக்கென்று சங்கம் கட்டிக்கொண்டார்கள். 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவைத் தொடங்கினார்கள். தெற்கில் ஹோட்டல்கள் கறுப்பினத்தவருக்கு அறை தராத காலம். கறுப்பினச் சங்கங்கள் கல்லூரி வளாகங்களிலும் சர்ச்சுகளிலும் கூடின, பிரதிநிதிகள் உள்ளூர்க்காரர்கள் வீடுகளில் தங்கினார்கள். அந்த ஆல்ஃபாவின் பொன்விழா மாநாடு 1956 ஆகஸ்டில் பஃபலோ நகரில் நடந்தது. மேடையேறிப் பேசியவர் 27 வயதுப் போதகர் ஒருவர், மான்ட்கமரியில் பஸ் புறக்கணிப்பு ஒன்பதாவது மாதமாக நடந்துகொண்டிருந்தது, அங்கிருந்து வந்திருந்தார். மார்ட்டின் லூதர் கிங் நான்கு ஆண்டு முன்பு பாஸ்டனில் அந்தச் சங்கத்தில் சேர்ந்தவர். வாஷிங்டனில் 2011-இல் திறந்த கிங் நினைவகம், அந்தச் சங்கத்தினர் பல ஆண்டு முயன்று, பணம் திரட்டி எழுப்பியது. மற்றச் சங்கத்து ரிப்பன் பிரதர்கள் ஜான் வெய்னைச் சொல்லிக்கொள்ளட்டும். ஆல்ஃபா மாநாட்டின் ரிப்பன் பிரதர், “பஃபலோ” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டு, மற்றவர் வாயடைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பஃபலோவுக்குப் போனவரில்லை, அப்போது சின்னக் குழந்தையாக இருந்திருப்பார். அது வேறு விஷயம்.

பெண்களின் சங்கங்களிலும் இவருக்கு ஜோடி உண்டு. அந்த அம்மாளை அடையாளம் காண ரிப்பன் தேவையில்லை. ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்றால் தலை முதல் கால் வரை இளஞ்சிவப்பும் பச்சையும். 2024 ஜூலையில் டல்லஸில் நடந்த அவர்களுடைய மாநாட்டில் பேச வந்தவர், துளசேந்திரபுரத்து வேர் கொண்ட சியாமளாவின் மகள், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அதே சங்கத்தில் சேர்ந்த கமலா ஹாரிஸ். அப்போதைய துணை அதிபர் என்பது அரங்குக்கு வெளியே. உள்ளே அவர் ஆயிரக்கணக்கான அக்கா தங்கைகளில் ஒருவர். இரண்டு வாரத்தில் அவர் அதிபர் வேட்பாளர் களத்துக்கு வந்து, இண்டியானாபொலிஸில் ஜீட்டா ஃபை பீட்டா என்னும் இன்னொரு சங்கத்தின் மாநாட்டிலும் பேசினார். மாநாட்டுச் சோபாக்காரர்களை அரசியல்வாதிகள் லேசாக நினைப்பதில்லை என்பதற்கு இது போதும்.

இப்போதெல்லாம் ‘முதல் மாநாடு’ ரிப்பன் அணிந்த பையன்களில் ஒரு கார்த்திக்கோ விக்னேஷோ இருப்பான். இந்தியப் பிள்ளைகள் தனியாகவும் சங்கம் வைத்திருக்கிறார்கள். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் 1998-இல் தொடங்கிய டெல்டா எப்சிலான் சை அப்படி ஒன்று. பழைய சங்கத்தில் சேர்ந்தவனை ரிப்பன் பிரதர் உடனே தத்தெடுத்துக்கொள்வார். “எந்த சாப்டர், பிரதர்?” என்பதுதான் முதல் கேள்வி. அப்பா அம்மா ஊர் எது என்பது மூன்றாம் நாள்தான் வரும். அதற்குள் பையன் சந்தாத் தகராறு, திருத்தத்தின் திருத்தம், திண்ணை நாற்காலி எல்லாம் கேட்டு முடித்திருப்பான். அவனுக்கு இதில் எதுவும் புதிதாகத் தோன்றாது. சிறுவயதில் ஒவ்வொரு ஜூலை 4 வாரமும் வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவை விழாவுக்கு இழுத்துப்போகப்பட்டவன் அவன். லாபியில் உட்கார்ந்து போகிற வருகிறவரை நிறுத்தும் மாமாக்களைப் பிறந்ததிலிருந்து தெரியும்.

மூன்றாம் நாள் குழுப் படம். அந்தக் காலத்தில் இதற்கென்றே சிர்க்குட் என்ற காமிரா இருந்தது. தானே மெதுவாகச் சுற்றி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முந்நூறு பேரை நீளப் படமாக எடுக்கும். இடது ஓரத்தில் நின்ற குறும்பன், காமிரா தன்னைக் கடந்ததும் பின்வரிசைக்குப் பின்னால் குனிந்து ஓடி வலது ஓரத்திலும் நின்று படத்தில் இரண்டு தடவை விழுவான். அப்படிப்பட்ட பழைய படங்களை ரிப்பன் பிரதர் தேடித் தேடி வாங்கி, பூதக்கண்ணாடியால் இரண்டு ஓரங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். இன்று டிஜிட்டல் காமிரா, ஒரே சொடுக்கு. ஓட வழியில்லை. ஓடினாலும் அவர் மூட்டு ஒத்துழைக்காது.

கடந்த மாநாட்டுக்குப் பிறகு இறந்தவர்களின் பெயரை வாசிக்கும் நிகழ்ச்சியும் அன்றைக்குத்தான். சில சங்கங்கள் அவர்களை ‘சாப்டர் எடர்னல்’ உறுப்பினர்கள் என்கின்றன. ஆல்ஃபாக்களுக்கு அது ஒமேகா சாப்டர். மாணவர்கள் கவனமில்லாமல் நிற்பார்கள், அவர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றும் வராது. ரிப்பன் பிரதருக்கு வரும் பெயர்கள் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகின்றன. வாசிப்பவர் ஒரு பெயரைத் தப்பாக உச்சரித்தால் அங்கிருந்தே திருத்துவார். ராபர்ட்ஸ் ரூல்ஸில் அதற்கு இடமில்லை, யாரும் ஆட்சேபிக்கமாட்டார்கள்.

கடைசி நாள் விருந்து. தோளோடு தோள் கோத்துப் பாட்டு. சிக்மா கைக்காரர்களுக்கு 1911-இல் ஆல்பியன் கல்லூரி மாணவர்கள் இருவர் உருவாக்கிய ‘ஸ்வீட்ஹார்ட்’ பாட்டு நாடறிந்தது. மற்றச் சங்கத்தார் தங்களுடையது அதைவிட நல்ல பாட்டு என்று சாதிப்பார்கள். பாட்டு முடிந்ததும் அடுத்த மாநாடு எந்த ஊரில் என்று அறிவிப்பார்கள். மாணவர்கள் கூச்சலிடுவார்கள். மனைவி பெருமூச்சோடு நாள்காட்டியைத் திறப்பார். ரிப்பன் பிரதர் அதற்குள் நழுவி, லாபிக்கு வந்து, அந்த ஊர் ஹோட்டலுக்கு போன் போட்டு, லிஃப்டுக்கு மிக அருகில் உள்ள அறை வேண்டும் என்று கேட்பார். இரண்டு வருடம் கழித்துத் தங்குவதற்கு. மறுமுனையில் இருந்த பெண் பணிவாகச் சொல்வாள்: “மன்னிக்கணும் சார், அந்த அறையை இப்பத்தான், ரெண்டு நிமிஷம் முன்னாடி, ஒருத்தர் கேட்டு வாங்கிட்டார்.” அவர் தலையைத் திருப்பிப் பார்ப்பார். தூண் மறைவில், தொப்பை வரை ரிப்பன் தொங்க, இன்னொருவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருப்பார்.